சமையல் புத்தகம் வாங்கப் போறீங்களா? முதல்ல கடைசிப் பக்கத்தைத் திறங்க

போன இதழ்ல வீட்டுச் செலவை எங்க குறைக்கறதுன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, சாப்பாட்டுல ஆரம்பிங்க, ஒரு நல்ல சமையல் புத்தகம் வாங்கினா போட்ட காசு சீக்கிரமே திரும்பி வந்துடும்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் எழுதிட்டீங்க. அதனால இந்தத் தடவை முழுக்க சமையல் புத்தகம்தான், மத்த கேள்வி கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, வேலைக்குச் சேர்ந்து இப்பதான் தனியா ரூம் எடுத்திருக்கேன். வெளிய சாப்ட்டு சாப்ட்டு பர்ஸும் போச்சு வயிறும் போச்சு. சரி நாமளே சமைப்போம்னு புத்தகக் கடைக்குப் போனா ஒரு அலமாரி முழுக்க சமையல் புத்தகம், எல்லாத்துலயும் ஈஸி, ஹெல்தி, பட்ஜெட்னு அட்டையிலயே எழுதி வச்சிருக்காங்க. எதை நம்பி எடுக்கறது? - புதுசா அடுப்பு பத்த வைக்கிறவன்

பதில்: தம்பி, அட்டையில என்ன வேணும்னாலும் எழுதலாம், அதுக்கு யாரும் கணக்கு கேக்கப் போறதில்ல. நீங்க புத்தகத்தைக் கையில எடுத்ததும் நேரா கடைசிப் பக்கத்துக்குப் போங்க, அதாவது இன்டெக்ஸுக்கு. இப்ப உங்க ரூம்ல என்ன இருக்குன்னு யோசிங்க, பாதி முட்டைக்கோஸ், கொஞ்சம் பருப்பு, ரெண்டு முட்டைன்னு வச்சுக்கோங்க. இன்டெக்ஸ்ல முட்டைக்கோஸ்னு ஒரு தலைப்பு இருந்து அதுக்குக் கீழ அஞ்சாறு அயிட்டம் பக்க நம்பரோட இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா அந்தப் புத்தகத்தை எழுதினவங்களுக்கு வீட்டுல சமையல் எப்படி நடக்குதுன்னு தெரியும்னு அர்த்தம். வெறும் டிஷ் பேரை மட்டும் அகர வரிசையில அடுக்கி வச்சிருந்தா, என்ன சாப்பிடணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கப்புறம் கடைக்கு ஓடறவங்களுக்கான புத்தகம் அது. சிக்கனமா சமைக்கிற வீட்டுல கேள்வி எப்பவுமே தலைகீழா வரும், இது மிச்சம் இருக்கு இதை வச்சு என்ன பண்றதுன்னு. இன்டெக்ஸே இல்லாத புத்தகமும் நிறைய இருக்கு, அதுல உள்ளடக்கமாவது பொருள் வாரியா பிரிச்சிருக்கான்னு பாருங்க, அதுவும் இல்லன்னா அப்படியே திருப்பி வச்சுடுங்க.

அடுத்து, ஏதாவது ஒரு ரெசிபியைத் திறந்து உங்ககிட்ட இல்லாத ஒரு பொருளைப் பிடிங்க, ஏதோ ஒரு சாஸ், ஒரு பொடி, ஒரு விதை, எதுவா இருந்தாலும் சரி. அதே பொருள் இந்தப் புத்தகத்துல வேற எத்தனை எடத்துல வருதுன்னு புரட்டிப் பாருங்க. ஏழெட்டு எடத்துல வந்தா வாங்கலாம், தீரும். ஒரே ஒரு ரெசிபிக்கு ஒரு ஸ்பூன் மட்டும்தான்னா அந்த பாட்டில் உங்க ஃபிரிட்ஜ் கதவுல எக்ஸ்பைரி தேதி வரைக்கும் நின்னுட்டு குப்பைக்குப் போகும். பட்ஜெட் சமையல்னு அட்டையில போட்டுட்டு உள்ள ஒவ்வொரு ரெசிபிக்கும் ஒரு புது பாட்டில் கேக்கற புத்தகம் இருக்கே, அதைவிட ஹோட்டல் சாப்பாடே மலிவு.

இன்னொரு டெஸ்ட் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெங்காய டெஸ்ட். வெங்காயம் வதக்கற ரெசிபி எதையாவது எடுத்து டைம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. வெங்காயம் லேசா நெகிழ்ந்து கண்ணாடி மாதிரி ஆக அஞ்சுலேர்ந்து எட்டு நிமிஷம் ஆகும், சரி. பொன்னிறம் வரணும்னா அதுவே இருவது நிமிஷம் கிட்ட போயிடும். நல்லா செவந்து சுருண்டு தித்திப்பு ஏறி நிக்கணும்னா முக்கால் மணி நேரம் கூட ஆகும், அதுவும் சின்ன தீயில பக்கத்துலயே நின்னு கிளறினாதான். இதுக்கு அஞ்சு நிமிஷம்னு ஒரு புத்தகம் போட்டிருந்தா, ஒண்ணு எழுதினவங்க கடிகாரத்தைப் பாக்கல, இல்ல மொத்த நேரம் முப்பது நிமிஷம்னு தலைப்புல போடறதுக்காக வேணும்னே குறைச்சிருக்காங்க. இந்தப் பொய்யால என்ன பெரிய நஷ்டம்னு தோணும். அரை மணி நேரத்துல சாப்பாடு ஆயிடும்னு நம்பி ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்கறவன் ஒம்போதேகாலுக்கு பசி தாங்காம போன்ல ஆர்டர் போடுவான், அந்த மாசத்து சிக்கனம் அங்கயே முடிஞ்சுது.

அப்புறம் நீங்க புதுசுங்கறதால, ரெசிபி உங்களுக்கு அடையாளம் சொல்லுதான்னு பாருங்க. பத்து நிமிஷம் வேகவிடவும்னு மட்டும் இருந்தா பத்தாது, உங்க அடுப்பும் அவங்க அடுப்பும் ஒண்ணு இல்ல. ஓரத்துல எண்ணெய் தனியா தெரியும்போது, கரண்டியில எடுத்தா வழியாம நிக்கும்போது, வாசனை மாறும்போது, இப்படி கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை குடுக்கற புத்தகம்தான் ஆளை சமைக்கப் பழக்கும். உப்பு தேவையான அளவுன்னு போட்டா பரவால்ல, தண்ணி தேவையான அளவு எண்ணெய் தேவையான அளவுன்னு எல்லாத்துக்கும் அதையே போட்டிருந்தா தெரிஞ்சவங்களுக்கு மட்டும் புரியற புத்தகம், இப்ப உங்களுக்கு வேணாம். ஒரு அடிப்படை செய்முறையை சொல்லிட்டு இதுலயே இந்தக் காய்க்குப் பதிலா அந்தக் காய் போடலாம், இந்தப் பருப்பு இல்லன்னா அது போடலாம்னு கீழ நாலு வரி எழுதியிருந்தா கண்ணை மூடிட்டு வாங்குங்க. படம் எவ்ளோ அழகா இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, புத்தகத்தை மேஜை மேல விரிச்சு வச்சா தானா மூடிக்காம நிக்குதான்னு பாருங்க, மாவுக் கையோட பக்கம் புரட்டும்போது நான் ஏன் சொன்னேன்னு தெரியும்.

கேள்வி: ரெசிபில ஒரு கப் ஒரு கப்னு போடறாங்க, எங்க வீட்டுல மூணு சைஸ்ல கப் இருக்கு. எது அந்த கப்? கிராம்ல போட்ட புத்தகம்தான் வாங்கணுமா? - குழம்பிப் போன இல்லத்தரசி

பதில்: நீங்க மட்டும் குழம்பலம்மா, உலகமே குழம்பித்தான் இருக்கு. அமெரிக்க புத்தகத்துல கப்னா சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப்னா 250 மில்லி, ஜப்பான் சமையல் புத்தகத்துல 200 மில்லி, ரைஸ் குக்கரோட குடுக்கறாங்களே அந்த கப் 180 மில்லி. டீஸ்பூன் எல்லா எடத்துலயும் கிட்டத்தட்ட 5 மில்லிதான், டேபிள்ஸ்பூன் 15, ஆனா ஆஸ்திரேலியா புத்தகமா இருந்தா 20. அதனால முன்னாடி பக்கங்கள்ல எங்க கப் இவ்ளோ மில்லின்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, அந்த வரி இருக்கற புத்தகம் ஒழுங்கா எழுதப்பட்டிருக்கும்னு பாதி நம்பிடலாம்.

குழம்பு, பொரியல், சூப் மாதிரி எதுக்கும் கப் போதும், கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. ரொட்டி, கேக்னு மாவு பிசையற வேலைக்கு மட்டும் கிராம் வேணும். ஏன்னா ஒரு கப் மாவை ஸ்பூனால அள்ளிப் போட்டு மேல தட்டி விட்டா 120 கிராம் வரும், அதே கப்பை டப்பாக்குள்ள அழுத்தி மொண்டா 150 கிராம் வரைக்கும் வரும், கால் பங்கு ஜாஸ்தி. அப்புறம் ரொட்டி கல்லு மாதிரி வந்துச்சுன்னு புத்தகத்தைத் திட்டுவோம். உப்பும் அப்படித்தான், பொடி உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் கிட்ட, கல்லுப்பு அதே டீஸ்பூன்ல குறைவாதான் பிடிக்கும், நடுவுல நிறைய சந்து இருக்கு இல்லயா. சின்னதா ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வச்சுக்கோங்க, பொருள் வீணாகறது நிஜமாவே குறையும். ஓவன்ல 350 டிகிரின்னு பாத்தா பயப்பட வேணாம், அது ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல 175 சுமார்.

கேள்வி: ஹெல்தி குக்கிங்னு ஒரு புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்துலயும் பேரே வாயில நுழையாத விதை, பவுடர், எங்கயோ விளையற பழம். அதெல்லாம் வாங்கினா சம்பளம் பத்தாது. ஆரோக்கியமா சாப்பிடணும்னா காசு செலவு பண்ணித்தான் ஆகணுமா? - மாசக் கடைசியில எழுதும் வாசகி

பதில்: இல்லவே இல்ல. அந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் கடையில மாத்த முடியும்னா மாத்திடுங்க.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்றது ரொம்ப சாதாரண விஷயம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. காய் பழம் குறைஞ்சது 400 கிராம், இதுல உருளை மாதிரி மாவுக் கிழங்கு சேராது. சேர்க்கற சர்க்கரையில இருந்து வர்ற கலோரி மொத்தத்துல பத்து சதவீதத்துக்குக் கீழ, 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு அது 50 கிராம். இதுல எங்கயாவது விலை ஒசந்த விதை பேரு வந்துச்சா? பருப்பு, பயறு, தீட்டாத தானியம், அந்தந்த சீசன்ல மலிவா கிடைக்கற காய், கீரை, முட்டை, இதை வச்சு எழுதற புத்தகம்தான் ஆரோக்கியப் புத்தகம். பருப்புல லைசின்னு ஒரு அமினோ அமிலம் நிறைய இருக்கு, தானியத்துல அது குறைவு, தானியத்துல மெத்தியோனின் நல்லா இருக்கும் பருப்புல குறைவு, ரெண்டையும் சாப்பிட்டா ஒண்ணோட குறையை இன்னொண்ணு அடைச்சுடும். ஒரே வேளையில ரெண்டும் இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, அன்னைக்குள்ள போனா போதும்.

அதனால ஹெல்தின்னு போட்ட புத்தகத்தைப் பாத்தா நடுவுல ஒரு நாலு ரெசிபி எடுத்து எண்ணெய், உப்பு, இனிப்பு மூணையும் மட்டும் கூட்டிப் பாருங்க. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல 120 கலோரி இருக்கு, எந்த எண்ணெயா இருந்தாலும் சரி, விலை ஜாஸ்தியான எண்ணெய்ல கலோரி கம்மின்னு ஒண்ணும் கிடையாது. சர்க்கரை சேர்க்கலன்னு பெருமையா எழுதிட்டு அரை கப் தேன் ஊத்தச் சொல்லுவாங்க, தேனும் சிரப்பும் ஏன் பழ ஜூஸும் கூட அந்த 50 கிராம் கணக்குலதான் வருது. டீடாக்ஸ், உடம்பைச் சுத்தம் பண்ணும், கொழுப்பைக் கரைக்கும்னு ரெசிபிக்கு மேல எழுதியிருந்தா அங்கயே மூடுங்க, சுத்தம் பண்றதுக்குத்தான் கல்லீரலும் கிட்னியும் இருக்கு. உறைய வச்ச காய்கறியை மட்டமா பேசற புத்தகத்தையும் நான் வாங்க மாட்டேன். பறிச்ச கொஞ்ச நேரத்துல உறைய வச்சிடறதால சத்து பெருசா எங்கயும் போறதில்ல, வேணும்ங்கற அளவு எடுத்துட்டு மிச்சத்தை உள்ள வச்சிடலாம், அழுகி வீணாகறதும் இல்ல.

கேள்வி: சிக்கனத்துக்குன்னே எழுதின சமையல் புத்தகம்னு நிஜமா ஏதாவது இருக்கா, இல்ல எல்லாம் விளம்பரம்தானா? - சந்தேகப் பிராணி

பதில்: இருக்கு, ரொம்ப காலமா இருக்கு. அமெரிக்காவுல 1829லயே லிடியா மரியா சைல்ட்ங்கற அம்மா சிக்கனமான இல்லத்தரசிக்குன்னு ஒரு புத்தகம் எழுதி, சிக்கனத்துக்கு வெட்கப்படாதவங்களுக்கு இது சமர்ப்பணம்னு போட்டாங்க. 1942ல, யுத்தத்தால சாமானுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்துல, எம் எஃப் கே ஃபிஷர்ங்கற அமெரிக்க எழுத்தாளர் ஹவ் டு குக் எ உல்ஃப்னு எழுதினாங்க, அது ரெசிபியைவிட படிக்கறதுக்கே சுவாரசியமான புத்தகம், சமைக்க அதை மட்டும் நம்பாதீங்க.

வேலைக்கு ஆகறதுன்னா ரெண்டு சொல்லுவேன். 1976ல டோரிஸ் ஜான்சன் லாங்கேக்கர் தொகுத்த மோர் வித் லெஸ், மென்னோனைட் கிறிஸ்தவங்களோட ஒரு உதவி அமைப்பு கேட்டு எழுதினது. உலகத்துல உணவு பத்தாம ஜனங்க தவிக்கறப்ப நாம கொஞ்சமா எடுத்துக்கிட்டு நல்லா சாப்பிட முடியாதாங்கற கேள்வியில இருந்து பொறந்த புத்தகம். அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, பகுதி முடிவுல மிச்சம் மீதியை என்ன பண்ணலாம்னு தனியா குறிப்பு வரும், மீந்து போன சோறு, காஞ்ச ரொட்டி, காய் வேகவச்ச தண்ணி வரைக்கும். எந்த மொழியில எந்த ஊர் சமையல் புத்தகம் வாங்கினாலும் இப்படி ஒரு பகுதி இருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி புத்தகத்துல இருக்காது, சமைச்சது மொத்தமும் அன்னைக்கே தீந்துடும்ங்கற மாதிரி எழுதியிருப்பாங்க. இன்னொண்ணு லியான் பிரவுன் எழுதின குட் அண்ட் சீப். அமெரிக்காவுல அரசாங்க உணவு உதவி வாங்கினவங்க கையில அப்ப ஒரு நாளைக்கு 4 டாலர்தான் நின்னுச்சு, அதுக்குள்ள எப்படி நல்லா சாப்பிடலாம்னு லியான் தன்னோட முதுகலை படிப்புக்காகப் பண்ணின வேலை அது. பிடிஎஃப்பை இலவசமா இணையத்துல விட்டாங்க, அப்புறம் 2014ல ஜனங்ககிட்டயே பணம் திரட்டி அச்சுலயும் கொண்டு வந்தாங்க. ரெசிபி அவங்க ஊர் சாப்பாடுதான், அதை அப்படியே செய்யணும்னு இல்ல, எதை எப்ப வாங்கறது எதுக்குப் பதிலா எது போடறதுன்னு அவங்க யோசிக்கற விதத்தை எடுத்துக்கலாம். இந்த ரெண்டையும் உங்க கையில இருக்கற புத்தகத்தோட பக்கத்துல வச்சுப் பாத்தாலே எது விளம்பரம்னு தெரிஞ்சுடும்.

கேள்வி: பாட்டி காலத்து சமையல் புத்தகம் ஒண்ணு வீட்டுல கிடைச்சுது. அட்டை எல்லாம் கிழிஞ்சு எண்ணெய்க் கறையோட இருக்கு. அதை வச்சே சமைக்கலாமா? - பழசை விட மனசில்லாதவர்

பதில்: எண்ணெய்க் கறை எந்தப் பக்கத்துல அதிகமா இருக்கோ அந்த ரெசிபியை முதல்ல செய்ங்க, அதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. பழைய புத்தகத்துல சிக்கனம் தனியா ஒரு அத்தியாயமா வராது, ஒவ்வொரு வரியிலயும் இருக்கும், தோலை வீசாதே தண்டை வீசாதேன்னு. அந்த விஷயத்துல இன்னைக்கு வர்ற புத்தகங்க கிட்டவே வர முடியாது.

ஆனா சில எடத்துல கவனமா இருக்கணும். சிவப்பு கிட்னி பீன்ஸ்ல லெக்டின்னு ஒரு பொருள் இருக்கு, பச்சையாவோ அரைவேக்காடாவோ நாலஞ்சு பீன்ஸ் சாப்பிட்டாலே வாந்தி பேதி வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில அரை மணி நேரம் நல்லா தளதளன்னு கொதிக்க விடணும். சின்ன தீயில நாள் முழுக்க வேகட்டும்னு ஸ்லோ குக்கர்ல பச்சையா போடச் சொன்னா செய்யாதீங்க. கொதி நிலைக்கே போகாம மந்தமான சூட்டுல வெந்தா அந்த விஷம் குறையறதுக்குப் பதிலா கூடவே செய்யும். இது பழைய புத்தகத்துல மட்டும் இல்ல, புது ஸ்லோ குக்கர் புத்தகத்துலயும் பாருங்க.

சோறு, கொழம்புன்னு மிச்சத்தை ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே வைக்கச் சொல்லியிருந்தாலும் கேக்காதீங்க. அரிசியில இருக்கற ஒரு பாக்டீரியாவோட விதை வேகறப்ப சாகாது, வெதுவெதுப்புல முளைச்சு நஞ்சை விட்டுடும், மறுநாள் எவ்ளோ சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான பாத்திரத்துல பரப்பி ஆற வச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க, மூணு நாலு நாளுக்குள்ள தீத்துடுங்க. காய்கறியை வெறும் தண்ணியில கொதிக்க வச்சு பாட்டில்ல அடைச்சு மாசக்கணக்குல வெளிய வைக்கற குறிப்பு இருந்தா அதை விட்டுடுங்க. புளிப்பு இல்லாத காய்க்கு அந்த 100 டிகிரி சூடு பத்தாது, பாட்டுலிசம்னு ஒரு நோய் வரும், அது உயிருக்கே ஆபத்து. அதுக்குன்னு உள்ள பிரஷர் கருவியில புது வழிமுறைப்படி பண்ணினாதான் சரி. மத்தபடி பாட்டி புத்தகம் பொக்கிஷம், தைரியமா சமைங்க.

கேள்வி: எல்லாம் யூடியூப்லயே இருக்கு, எதுக்கு புத்தகம்? - இந்தக் காலத்துப் பையன்

பதில்: மாவு எந்தப் பதத்துல இருக்கணும், மீனை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு கையோட வேலையைப் பாக்கணும்னா வீடியோதான் பெஸ்ட், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாதி முட்டைக்கோஸ் இருக்கு என்ன பண்ணலாம்னு தேடினா ஆயிரம் வீடியோ வரும், ஒவ்வொண்ணும் வேற ஆளு வேற அளவு வேற சாமான். புத்தகம்னா ஒரே ஆளோட சமையலறை, அவங்க வாங்கற பொருள்லயே எல்லாம் நடக்கும், அந்த லிஸ்டைப் பாத்து நீங்களும் அலமாரியை ரொப்பிக்கலாம். காசு போடவும் வேணாம், லைப்ரரியில எடுத்து வந்து மூணு வாரம் அதுலயே சமைச்சுப் பாருங்க, திருப்பிக் குடுக்க மனசு வரலன்னா அப்ப வாங்குங்க.

கேள்வி: புத்தகத்துல எல்லாமே ஆறு பேருக்கு இருக்கு, நாங்க ரெண்டே பேர். எல்லாத்தையும் மூணால வகுத்தா சரியா வர மாட்டேங்குது, அடி பிடிக்குது இல்ல உப்பு கரிக்குது. எங்க தப்பு? - ரெண்டு பேர் குடித்தனம்

பதில்: வகுத்தல்ல தப்பு இல்லங்க, பாத்திரத்துலதான். ஆறு பேருக்கான அதே அகலமான சட்டியில மூணுல ஒரு பங்கு போட்டா அது அடியில மெல்லிசா பரவி நிக்கும், தண்ணி ஆவியாகறது மேல் பரப்பைப் பொறுத்ததுங்கறதால சட்டுனு வத்திடும், அதான் அடி பிடிக்குது, அதான் உப்பும் தூக்கலா தெரியுது. சின்னப் பாத்திரத்துக்கு மாறுங்க, தண்ணியை மட்டும் மூணுல ஒரு பங்குக்கு மேல கொஞ்சம் கூட ஊத்துங்க, உப்பை பாதி போட்டுட்டு கடைசியில ருசி பாத்து சேருங்க. வேகற நேரத்தை வகுக்காதீங்க, ஒரு உருளைக்கிழங்கு வேகவும் ஆறு கிழங்கு வேகவும் கொதிக்கற தண்ணியில கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், துண்டு சைஸ் ஒண்ணா இருந்தா. அரை முட்டை வேணும்னா முட்டையை உடைச்சு அடிச்சுட்டு பாதி எடுங்க, பெரிய முட்டை ஓடு நீக்கி 50 கிராம் வரும், தராசு இருந்தா 25 கிராம்.

ஆனா எல்லாத்தையும் வகுக்கணும்னும் இல்ல. பருப்பு, பயறு, சூப், கிரேவி இதெல்லாம் ஆறு பேருக்கே செஞ்சு ரெண்டு பங்கை ஃப்ரீசர்ல போட்டா அடுப்பும் ஒரு தடவைதான் எரியும், கையும் ஒரு தடவைதான் வலிக்கும். ஒவ்வொரு ரெசிபி கீழயும் இதை உறைய வைக்கலாமா எத்தனை நாள் தாங்கும்னு போட்டிருக்கற புத்தகம் ரெண்டு பேர் வீட்டுக்கு ரொம்பவே உபயோகம். பொரிச்சது, பச்சைக் காய் சாலட் இந்த மாதிரி அயிட்டத்தை மட்டும் வகுத்துக்கோங்க.

கேள்வி: சாமான் செலவைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, கேஸ் செலவை எந்தப் புத்தகமும் சொல்றதே இல்லயே? - சிலிண்டர் எண்ணுபவர்

பதில்: நல்லா கேட்டீங்க. சொல்ற புத்தகம் குறைச்சல்தான், நாமதான் கண்டுபிடிக்கணும். பயறு ரெசிபியைத் திறங்க, ராத்திரியே ஊறவைக்கச் சொல்லியிருக்கான்னு பாருங்க. அப்புறம் தக்காளி, எலுமிச்சைன்னு புளிப்பு எப்ப சேருதுன்னு பாருங்க. பயறு வெந்து மெத்துன்னு ஆன பிறகு சேரச் சொன்னா விஷயம் தெரிஞ்சவங்க, பச்சைப் பயறோட முதல்லயே தக்காளியைப் போடச் சொன்னா அந்தப் பயறு தோல் இறுகி வேகவே வேகாது, கேஸ்தான் போகும். பிரஷர் குக்கருக்கும் நேரம் குடுத்திருக்காங்களான்னு பாருங்க, குக்கருக்குள்ள தண்ணி 120 டிகிரி கிட்ட போய் கொதிக்கும், வெளிய ஒரு மணி நேரம் ஆகற பயறு உள்ள கால் மணி, இருவது நிமிஷத்துல முடியும். கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடச் சொல்றாங்களா? கொதிக்கற தண்ணிக்குக் கீழ தீயைக் கூட்டினா சூடு ஒண்ணும் ஏறாது, ஆவிதான் ஜாஸ்தி போகும், சமையலறை வேர்க்கும். ஒரே ஒரு சின்ன தட்டு அயிட்டத்துக்காக ஓவனை இருவது நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணச் சொல்ற ரெசிபியை, கூட வேற ரெண்டு அயிட்டம் வைக்கற அன்னைக்குன்னு தள்ளி வைங்க.

கேள்வி: என் தங்கச்சிக்குக் கல்யாணம். சமையல் புத்தகம் பரிசா குடுக்கலாமா? சமைக்கத் தெரியாதுன்னு குத்திக் காட்டற மாதிரி ஆயிடுமோ? - அண்ணன்காரன்

பதில்: தங்கச்சிக்கு மட்டும்னு குடுத்தா கண்டிப்பா அப்படித்தான் ஆகும், முதல் பக்கத்துல மாப்பிள்ளை பேரையும் சேர்த்து எழுதிக் குடுங்க. எழுதறதுக்கு முன்னாடி இதே புத்தகத்தை அவங்க ஏற்கனவே வாங்கி வச்சிருக்காங்களான்னு யார்கிட்டயாவது விசாரிச்சுக்கோங்க, பேனா பட்ட புத்தகத்தை கடையில மாத்த மாட்டாங்க.